சார் இட்டாரச் சொன்னாரு

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா நடந்தது. கல்வி இலாகாவிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளின் மனதில் வெறுப்பு வளராமல் பார்த்துக்கொள்வது பள்ளிக்கூடத்தின் கடமை என்று முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களில் மூன்று பேர், அந்தக் கடமையைச் செய்த ஒரு வாத்தியாரை இதே பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டியவர்கள். நான் பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். விரட்டியவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. மகனுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் ஏர் பிடிக்கப் போய்விட்டேன். நாலு பேர் எதிரில் பேசவும் வராது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத ஐந்தாவது போதும்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. எனக்கு ஒரு காணி நெல், அரைக் காணி கரும்பு. ஊருக்குத் தெற்கே வாய்க்காலைத் தாண்டினால் பேட். வேறு பக்கங்களில் சேரி, காலனி என்று சொல்வதை எங்கள் பக்கம் பேட் என்போம். என் வயலில் நாற்று நட்டது, களை பறித்தது, கரும்பு வெட்டியது எல்லாம் பேட்டு ஜனங்கள்தான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

என் மகன் எட்டாவது படித்தபோது அந்த வாத்தியார் வந்தார். கணக்கு வாத்தியார். குள்ளமான ஆள், எப்போதும் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். ஒற்றுமை, சமத்துவம் என்று அவர் பாடம் நடத்தி யாரும் கேட்டதில்லை. அவர் செய்தது ஒன்றுதான்.

வராத பையனைப் பிடித்துவர ஆள் அனுப்புவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருந்த வழக்கம். நாலு தடிப் பையன்கள் போவார்கள், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வருவார்கள். என்னையே ஒருமுறை அப்படித் தூக்கிப்போய்ப் போட்டிருக்கிறார்கள். இந்த வாத்தியார் அதை மாற்றினார். இரண்டே பேர். ஒருவன் ஊர், ஒருவன் பேட். ஊர்ப் பையன் வரவில்லை என்றால் பேட்டுப் பையன் வாசற்படி வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டும். பேட்டுப் பையன் வரவில்லை என்றால் ஊர்ப் பையன் அவன் குடிசை வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கையில் பேர் எழுதிய சீட்டு. வாயில் ஒரே வாக்கியம்: 'சார் இட்டாரச் சொன்னாரு.' கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யாரையும் தொடக்கூடாது, இழுக்கக்கூடாது. ஆள் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தவன் என் மகனோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பையன். பேட்டுப் பையன் தெருவுக்குள் வந்ததே பெரிய சங்கதி. என் மனைவி துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னாடா, வாசப்படியில வந்து நிக்கிற?"

"சார் இட்டாரச் சொன்னாரு."

"அவனுக்கு ஜொரம். போய்ச் சொல்லு."

"வூட்டுல இருக்குறவங்க லெட்டரு குடுத்தா எடுத்துகினு போறேங்க. இல்லன்னா ஆள இட்டுகினு போவணும்."

நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் 'ஜுரம்' என்று எழுதி மனைவியிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "தேதி போடலீங்களே" என்றான். இப்படி நாலு தடவை வந்த பிறகு என் மனைவியே அவனைக் கண்டால், "வந்துட்டான் பாரு உன் போலீசு" என்று மகனிடம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தெருவில் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் தெருவுக்குப் பழகிவிட்டது.

அந்த வருஷம்தான் எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு மன்றம் வந்தது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் பஸ்ஸில் தவளக்குப்பத்தில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருவான். முப்பது வயது இருக்கும். வெளுத்த சட்டை, பணிவான பேச்சு. பிள்ளைகள் அவனை அண்ணன் என்றார்கள். முதலில் கபடி சொல்லிக்கொடுத்தான். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்தான். ஊரே அவனைப் புகழ்ந்தது. பிறகு சிலம்பம். பிறகு ஆட்டம் முடிந்ததும் உட்கார வைத்துக் கதை. நம்ம சாதி ஒரு காலத்தில் எப்படி ஆண்டது, இன்றைக்கு யாரால் கெட்டது, நம் பெண்களுக்கு யாரால் ஆபத்து என்று கதை. பிறகு கையில் மஞ்சளும் சிவப்புமாக முறுக்கிய ஒரு கயிறு. அதைக் கட்டும்போது விரலைக் கீறி ரத்தம் வைத்துச் சத்தியம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

என் மகன் கையிலும் ஒரு நாள் அந்தக் கயிறு இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:

"ஏம்பா, களை பறிக்க வர்ற பொம்பளைங்க நம்ம மோட்டாரு தொட்டியில தண்ணி மோந்து குடிக்கிறாங்களே, நீ ஏன் கேக்க மாட்ற?"

"அவுங்களுக்குன்னு தனி லோட்டா இருக்குதுடா" என்றேன்.

"தொட்டி ஒண்ணுதான?"

எனக்குப் பயமாகிவிட்டது. என் பிள்ளையைப் பார்த்தே பயம். கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். இப்போது நினைத்தால், அவனைவிட என் பதில்தான் எனக்கு ஆத்திரம் ஊட்டுகிறது. தனி லோட்டா இருக்கிறது என்றேனே, அதைத் தொங்கவிட்டவன் யார்? மன்றத்துக்காரன் வெளியிலிருந்து விஷம் கொண்டுவந்தான் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். அவன் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. எங்கள் வீடுகளில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துச் சாணை பிடித்தான்.

அப்புறம் மன்றப் பயிற்சி பள்ளிக்கூட நேரத்திலேயே நடக்க ஆரம்பித்தது. என் கரும்புக்கு அடுத்தாற்போல் ஒரு சவுக்குத் தோப்பு. ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் இருக்கும். நான் கரும்புக்குள் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். தோப்பில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பையன்கள் கையில் கழியோடு நின்றார்கள். அவர்களில் எட்டாவது படிக்கிறவர்கள் நாலு பேர். என் மகன் அதில் ஒருவன். பள்ளிக்கூடம் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு போனவன்.

அந்த நேரத்தில் வரப்பு வழியாக இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் எங்கள் வீட்டுப் போலீசு. பின்னால் மளிகைக் கடைக்காரரின் குண்டுப் பையன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னாடா?" என்றான் அண்ணன்.

"சார் இட்டாரச் சொன்னாரு." பையன் சீட்டை நீட்டினான்.

"எந்த சாரு?"

"கணக்கு சாரு. இவனுங்க நாலு பேரும் லீவு. லெட்டரு குடுக்கல."

"நீ எந்தத் தெருடா?"

"பேட்டு."

"பேட்டுலேர்ந்து வந்து எங்க புள்ளைங்கள இட்டுகினு போவியா நீ?"

"நான் எங்க இட்டுகினு போறேன்? நான் சும்மா முன்னாடி நடப்பேன். அவனுங்க கால்லதான் அவனுங்க வருவானுங்க."

அண்ணன் ஓர் அறை விட்டான். சீட்டு பறந்து போய் விழுந்தது. குண்டுப் பையன் அழ ஆரம்பித்தான். "நான் வரலன்னுதாங்கண்ணா சொன்னேன், சார்தாங்கண்ணா அனுப்பிச்சாரு" என்றான். பேட்டுப் பையன் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். ஆள் வருகிற வரைக்கும் நிற்க வேண்டும் என்பதுதானே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

"இவன் பெஞ்சுல உக்கார்றவன் யாருடா?" என்று கேட்டான் அண்ணன்.

எல்லாரும் என் மகனைப் பார்த்தார்கள்.

"நீயா? வா இங்க. ஓங்கி ஒண்ணு குடு இவனுக்கு. குடுத்தாத்தான் நீ நம்ம ஆளு."

என் மகன் கழியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பத்தடி தூரம்தான். அந்த முகத்தில் என் பிள்ளை இல்லை. அடித்துவிட்டால் அவன் அந்தப் பக்கம் போய்விடுவான், பிறகு திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையில் மண்வெட்டி வைத்திருந்த முப்பத்தெட்டு வயது ஆம்பிளை நான். ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும். கால் சேற்றிலிருந்து எழும்பவில்லை.

பேட்டுப் பையன்தான் பேசினான்.

"டேய், அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடிச்சிட்டு வாடா. மூணாவது பீரியடு டெஸ்டு. நீ வரலன்னா நான் யாரப் பாத்து எழுதறது?"

யாரோ ஒரு பையன் மூக்கால் சிரித்தான். என் மகன் கழியைத் தூக்கியபடியே நின்றான்.

"போடா டேய்! போன டெஸ்டுல என்னப் பாத்து எழுதிட்டு என்னிய விட ரெண்டு மார்க்கு ஜாஸ்தி வாங்கினவன்தான நீ!"

"நீ தப்பாப் போட்டிருந்தத நான் திருத்திப் போட்டன். அது என் தப்பா?"

அவ்வளவுதான். என் மகன் சிரித்துவிட்டான். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த குண்டுப் பையன்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் அவர்களுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருந்தான். பேட்டுப் பையன் திருடுவான், வஞ்சம் வைப்பான், நம்ம பெண்களைப் பார்ப்பான் என்றெல்லாம். அவன் பார்த்து எழுதுவான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தானே அது தெரியும்.

என் மகன் கழியைக் கீழே போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். இன்னொரு பையனும் பின்னால் போனான். மற்ற இரண்டு பேர் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த இரண்டு பேரை மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் பேட்டுப் பையன் பள்ளிக்கூடம் வரவில்லை. வாத்தியார் சீட்டு எழுதி என் மகனிடம்தான் கொடுத்தார். கூட ஒரு பேட்டுப் பையன். இவன் மறுக்கவில்லை, போனான். என்ன நடந்தது என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பையனின் தாய் சொன்னாள். என்னிடம் இல்லை, என் வயலில் களை பறித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம், என் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

"வந்து நிக்குதுடி வாசல்ல. ஏன் சாமி, இன்னொரு கன்னம் மிச்சமிருக்குதுன்னு வந்தியான்னு கேட்டேன். சார் இட்டாரச் சொன்னாருன்னுது. அடிக்கக் கழி எடுத்தியாமேன்னேன். எடுத்தேன்னுது."

"எடுத்தேன்னே சொல்லிச்சா?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சி. முழுங்கல. கரும்புக்குள்ள நின்னு வேடிக்க பாத்தவரு மாதிரி இல்ல. எம்புள்ளக்கி ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது."

நான் வரப்பில் நின்றிருந்தேன். அவள் தலை நிமிரவே இல்லை. அன்றைக்காவது மோட்டார்க் கொட்டகையில் தொங்கிய அந்தத் தனி லோட்டாவைக் கழற்றி வாய்க்காலில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அதற்கும் எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

பேட்டுக்குப் போய்வந்த மறுநாள் என் மகன் கையில் கயிறு இல்லை. அவன் பழையபடி பள்ளிக்கூடம் போனான், சண்டை போட்டான், குறைந்த மார்க் வாங்கினான். தோப்பில் நின்றுவிட்ட இரண்டு பேர் வீட்டுக்கும் வாத்தியார் தினமும் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவன் வாரத்தில் இரண்டு நாள் வர ஆரம்பித்திருந்தான். இதை நன்றாக நினைவில் வைத்துத்தான் எழுதுகிறேன். வர ஆரம்பித்திருந்தான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. தன் பேச்சை மதிக்காமல் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அவன் ஊரில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பேட்டுப் பையன்களை ஏவிவிட்டு நம்ம பிள்ளைகளை மிரட்டுகிறார்கள், நம்ம பிள்ளையைப் பேட்டு வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்துகிறார்கள் என்று சொன்னான். கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். மனு தயாராக இருந்தது. வாத்தியாரை மாற்ற வேண்டும் என்று அழகான கையெழுத்தில் ஒரு முழுத்தாள்.

வரிசையாக எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது. எனக்குப் போட மனமில்லை. மறுத்துப் பேசவும் தைரியமில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் ஆயுசுக்கும் அதைவிடக் கேடுகெட்ட யோசனை எனக்கு வந்ததில்லை.

"எனக்கு எழுத வராதுங்க" என்றேன்.

"அஞ்சாவது படிச்சவன்தானய்யா நீ?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"மறந்துபோச்சிங்க."

ஒருவன் சிரித்தான். "பொண்டாட்டி பேரு ஞாபகம் இருக்குதாய்யா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரியவர் மேசையடியில் இருந்து மைப்பெட்டியை எடுத்து நகர்த்தினார். சங்கத்தில் மைப்பெட்டி இல்லாமல் இருக்குமா? இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? கட்டை விரலை அவரே பிடித்து அழுத்தி, உருட்டி எடுத்தார். கையெழுத்தையாவது நான் போடவில்லை என்று பின்னால் சொல்லலாம்.

வாத்தியாரை வருஷத்தின் நடுவில் மாஹேவுக்கு மாற்றினார்கள். அது கேரளத்துக்குள் இருக்கிற புதுச்சேரி. நம் அரசாங்கத்தில் ஒருவரைத் தண்டிக்க நினைத்தால் அங்கே அனுப்புவது சுலபம். அவர் போன வாரமே தலைமை ஆசிரியர் உத்தரவு போட்டார்: வகுப்பு நேரத்தில் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக்கூடாது, வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

என் மகனுக்கு எப்படியோ மனு விஷயம் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றான்.

"எனுக்கு லெட்டரு எழுதிக் குடுத்தியே, ஜொரம்னு. அது யாருப்பா எழுதினது?"

நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைநாட்டு வெச்சியாமே" என்றான். அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

தோப்பில் நின்ற இரண்டு பேரின் வீட்டுக்கு அதன்பிறகு யாரும் போகவில்லை. வரத் தொடங்கியிருந்தவனும் நின்றுவிட்டான். கொஞ்ச நாளில் ரிஜிஸ்தரில் இரண்டு பேரையும் அடித்துவிட்டார்கள். சிவப்பு மையால் ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. அடுத்த வருஷம் மேற்கே ஓர் ஊரில் ஏதோ கல்யாணத் தகராறு. பட்டப்பகலில் ஒரு டிராக்டர் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஊர்ப் பேட்டில் குடிசைகள் எரிந்தன. கண் தெரியாத ஒரு கிழவர் வெளியே வர முடியாமல் உள்ளேயே கருகிச் செத்துப்போனார். டிராக்டரில் போனவர்களில் எங்கள் ஊர் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவன் அன்றைக்கு ஓடியவன்தான், இன்றுவரை எங்கே என்று தெரியாது. இன்னொருவன், பள்ளிக்கூடத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தானே அவன், பிடிபட்டான். ஒன்பதாவதில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள். டிராக்டரை ஏற்பாடு செய்த அண்ணனின் பேர் வழக்கில் எங்கேயும் இல்லை.

பிடிபட்டவனின் அப்பா எங்கள் தெருதான். நாலு வீடு தள்ளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து பாதியாகிவிட்டார். ஒரு நாள் பாகூர் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோர்ட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒண்ணாத்தான் திரிஞ்சிதுங்க. ஒரே கயிறுதான் கட்டிக்கிச்சிங்க. உம்புள்ள மட்டும் எப்பிடிய்யா தப்பிச்சான்?"

பொறாமையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "என்னமோ, சாமி புண்ணியம்."

அவர் தலையாட்டினார். தன் வீட்டுக்கு அந்தப் புண்ணியம் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுந்து போனார். இத்தனை வருஷமாக அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். தன் சாமியை, தன் தலையெழுத்தை, செத்துப்போன தன் மனைவியின் வளர்ப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சாமி இல்லை. என் பிள்ளையைக் கூப்பிட ஆள் வந்தது. உங்கள் பிள்ளையைக் கூப்பிடவும் ஆள் வந்தது, அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த ஒவ்வொரு நாளும் வந்தது. அவன் எழுந்து வரத் தொடங்கியிருந்தான். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். அதற்குள் ஆள் அனுப்பியவரை நாம் அனுப்பிவிட்டோம். நீங்களும் வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. உங்களுக்கு முன்னால் நின்ற எனக்குத் தெரியும். நான் அதை முழுவதும் படித்திருந்தேன். உங்கள் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாளைக் காலையில் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அவர் என்னை அடித்தால் அடிக்கட்டும்.